அரளிக்குப் போன உரம்

என் மகள் முதன்முதலாகத் தின்னும் கீரை நான் வளர்த்ததாக இருக்க வேண்டும் என்று எப்போது முடிவு செய்தேன் என்பது சரியாக நினைவில்லை. அவள் பிறந்த சில மாதங்களில், பால் கொடுத்தபடி ஒரு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மதியமாக இருக்கலாம். காய்கறிகளில் என்னென்ன தெளிக்கிறார்கள் என்று யாரோ பேசிய காணொலி ஒன்று வந்தது. அது முடிந்ததும் அதேபோல் இன்னொன்று வந்தது. நான் வேதியியல் படித்தவள். அந்தப் படிப்பு எனக்கு வேலை எதையும் வாங்கித் தரவில்லை. பயப்படுவதற்குத் தேவையான அளவு மட்டும் கற்றுத் தந்திருக்கிறது.

போடியில், மலை அடிவாரத்தைப் பார்த்த ஒரு தெருவில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டின் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. அதில் பாதியை ஒரு நாட்டு வாதாம் மரம் எடுத்துக்கொண்டது. மலைக்காற்று இறங்கும் மாதங்களில் அது உள்ளங்கையைவிடப் பெரிய இலைகளாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். காலையில் கூட்டினால் மாலையில் கூட்டிய தடமே தெரியாது.

குப்பை வண்டி தினமும் வரும். மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மக்காததற்கு நீல வாளி. வண்டியோடு வரும் அக்கா வாளிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கவிழ்ப்பார். எங்கள் வீட்டு வாளியை மட்டும் பார்க்காமலே கவிழ்ப்பார்.

"இந்தா பாருத்தா, இந்தத் தெருவுலயே பால் கவரக் கழுவிக் காயவச்சு மடிச்சுக் குடுக்குறவ நீ ஒருத்திதான். இஸ்திரி போடுறது ஒண்ணுதான் பாக்கி."

"போடணுமாக்கா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு கணம் நிஜமாகவே கேட்டேன். அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இலைதழையை அப்படி வாளியில் அமுக்கிக் கொடுக்க முடியாது. அதற்கென்று ஒரு நாள் உண்டு, சாக்கில் கட்டி வைக்க வேண்டும். அந்த நாள் வருவதற்குள் எங்கள் வீட்டில் சாக்குகள் தீர்ந்துவிடும். "இதுக்குப் போயி இம்புட்டு யோசனையா மதினி, ஒரு தீக்குச்சி போதும்" என்றார் எதிர் வீட்டுக்காரர். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் புகை போட எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் இலையை மக்க வைத்து உரமாக்கும் எண்ணம் வந்தது. பழைய நீல டிரம் ஒன்றில் என் கணவர் சுற்றிலும் துளை போட்டுக் கொடுத்தார். அதில் இலையையும் சமையலறைக் கழிவையும் மாற்றி மாற்றிப் போட்டேன். உரம் ஆனதும் அதில் கீரை, அந்தக் கீரையில் என் மகளுக்குச் சோறு. கணக்கு நேராக இருந்தது.

வாதாம் இலை லேசில் மக்காது என்பது எனக்குத் தெரியாது. தோல் செருப்பு போல அப்படியே கிடந்தது. அடியில் காய்கறித் தோல் மட்டும் அழுகி, நாற்றம் பின்கதவு வழியாக வீட்டுக்குள் வந்தது. ஈ மொய்த்தது. குழந்தை தவழ ஆரம்பித்திருந்தாள். நான் கதவைச் சாத்துவதும், காற்று வேண்டுமே என்று திறப்பதுமாக இருந்தேன்.

என் கணவர் ஏலக்காய்க் கடை ஒன்றில் எடை பார்த்து மூட்டை பிடிக்கிற பொறுப்பில் இருக்கிறார். அங்கே பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரிப்பார்கள். பிரித்து முடித்த பிறகு தரையில் காம்பும் தூசியும் உதிரித் தோலும் மிஞ்சும். ஒரு நாள் மாலை அதில் ஒரு சாக்கைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

"இதைப் போட்டுப் பாரு. ஈரத்தை இழுத்துரும். வாடையும் போயிரும்."

போய்விட்டது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு வாரத்தில் எங்கள் குப்பை டிரம் பாயசம் போல மணத்தது. ஈயைக் காணோம். நான் திறந்து திறந்து முகர்ந்து பார்த்தேன். அவர் அடுத்தடுத்து இன்னும் சாக்குகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் ஏதோ நகை வாங்கி வந்தவரைப் போலத்தான் வண்டியை நிறுத்துவார்.

டிரம்மின் அடியில் கறுப்பாக, பொலபொலவென்று உரம் இறங்கியதும் தொட்டிகளில் நிரப்பிச் சிறுகீரை விதைத்தேன். முளைத்தது. முதல் பறிப்பில் குழந்தைக்கு வேண்டாம், எதற்கும் நாமே முதலில் தின்று பார்ப்போம் என்று கடைந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். ருசியாகவே இருந்தது.

இரண்டாவது பறிப்பு அவளுக்கு. டாக்டர் கீரை கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். குனிந்து தண்டை ஒடித்தபோது வேரோடு ஒரு பிடி மண் வந்தது. அதில் ஏலக்காய் மணத்தது. அந்த மணம் என்னை எங்கோ கொண்டுபோனது.

நான் பிறந்தது சிலமலையில். அங்கிருந்து விடிகாலையில் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவார்கள். பள்ளி விடுமுறையில் ஒரு முறை சித்தியோடு நானும் போனேன். செடி வரிசை ஒன்றுக்குள் நான் ஓடப் பார்த்தபோது சித்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அங்கிட்டுப் போகாத! நேத்து மருந்து அடிச்சது. கையக் கிய்ய வச்சு வாயில வச்சிராத." அந்த வரிசையிலிருந்து வந்த வாடை ஏலக்காயும் வேறொன்றும் கலந்தது. அந்த வேறொன்றுதான் வீடு திரும்பும்வரை தொண்டையில் இருந்தது.

கீரையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். இத்தனை நாள் இது எப்படித் தோன்றாமல் போனது? மருந்து அடித்த காய். அதன் தோல், அதன் காம்பு, அதன் தூசி, சாக்குச் சாக்காக. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஏலக்காய் என்றால் வாசம், வேலை, சம்பளம். அதன் குப்பையைக்கூட நாங்கள் குப்பையாக நினைப்பதில்லை. நல்லது என்றே நினைத்துவிட்டேன்.

அன்று அவளுக்குப் பருப்புச் சோறு மட்டும் கொடுத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு வந்த கணவரிடம் சொன்னேன்.

"பாயாசத்துல போடுறதும் இதே காய்தான?" என்றார்.

"அதுல ரெண்டு காய். இது எத்தனை சாக்குங்க?"

"அப்ப கடையில வாங்குற கீரையில மருந்தே அடிக்கலையாக்கும்? நீ போயி பாத்தியா?"

பார்க்கவில்லை. அவர் தட்டைப் பார்த்தபடி, "பிள்ளைக்குன்னுதான் தூக்கிட்டு வந்தேன்" என்றார். முதல் பறிப்பை நாங்கள் தின்றது நினைவுக்கு வந்தது. நான் பால் கொடுக்கிறவள். அதை அவரிடம் சொல்லவில்லை.

என்னோடு படித்தவள் ஒருத்தி வெளியூரில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டேன். மக்கும்போது சில மருந்துகள் குறையும், சில குறையாது, எந்த மருந்து என்று தெரியாமல், சோதிக்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றாள். "நீ தின்னதால ஒண்ணும் ஆகியிருக்காதுடி, பயப்படாத" என்றாள். சோதிக்காமல் சொல்ல முடியாது என்றவள் அதை மட்டும் எப்படிச் சொன்னாள் என்று போனை வைத்த பிறகு யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இலைதழை எடுக்கும் நாள். காலையிலேயே கீரையை வேரோடு பிடுங்கினேன். தொட்டி மண், டிரம்மில் இருந்த உரம் எல்லாவற்றையும் சாக்குகளில் கட்டி வாசலில் வைத்தேன். மக்கும் குப்பைதானே. என் வரையில் பிரச்சினை வாசலைத் தாண்டிவிட்டது.

வண்டி வந்தது. அக்கா சாக்கைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"ஏத்தா, இது குப்பையா? உரமாட்டமில்ல இருக்கு!"

"எனக்கு வேண்டாம்க்கா. எடம் இல்ல."

"எங்களுக்கும் சோலி மிச்சம். உரக்கிடங்குல இனி இதை மக்க வைக்கவே வேணாம். நானே ஒரு சாக்கு வீட்டுக்குக் கொண்டு போறேன். தக்காளிச் செடி வச்சிருக்கேன். எம் மக பிள்ளைக ரெண்டும் தக்காளியப் பழுக்கவே விடாதுக, செங்காயாவே பிச்சுத் தின்னுருங்க."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டியபடி இருக்க வண்டி நகர்ந்தது. வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். சொன்னால் என்ன நினைப்பார்? விஷத்தைத் தூக்கிக் கொடுத்தாள் என்றுதானே. சொல்லாவிட்டால்? விஷம் என்று யார் சொன்னது, சோதிக்கவில்லையே. சோதிக்கவில்லை என்றால் என் மகளுக்கு ஏன் கொடுக்கவில்லை? இந்தக் கடைசிக் கேள்விக்கு வந்தபோது வண்டி நான்கைந்து வீடு தள்ளிப் போயிருந்தது. செருப்பைக் கூடப் போடாமல் ஓடினேன். இடுப்பில் குலுங்கியதில் மகள் உற்சாகமாகக் கத்தினாள்.

மூச்சு வாங்கச் சொன்னேன். ஏலக்காய்த் தூசி, மருந்து, தெரியாது, ஒருவேளை ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், ஆனால் தக்காளிக்குப் போட வேண்டாம். வார்த்தைகள் முன்பின்னாக வந்தன. அக்கா முழுவதும் கேட்டார். அவர் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

"அப்ப ஒம் பிள்ளைக்கு ஆகாதுன்னு எங்க வண்டியில ஏத்திவிட்ட."

"இல்லக்கா..."

"என்ன இல்ல? மொதல்லயே சொல்றதுக்கு என்னாத்தா? படிச்ச பிள்ளதான நீ?"

பச்சை வாளியில் போட்டதெல்லாம் எங்கோ போய் எதுவோ ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். அது போகிற இடத்தில் ஒரு தக்காளிச் செடியும் அதைப் பழுக்க விடாத இரண்டு பிள்ளைகளும் இருப்பதை அன்று வரை நினைத்ததில்லை.

அக்கா சாக்குகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். "எனக்கும் தெரியல, ஒனக்கும் தெரியல. தெரியாததக் கிடங்குல கலக்கக் கூடாது. நீயே ஒரு வழி பண்ணிக்க." பிறகு குழந்தையின் கன்னத்தைத் தொடக் கை நீட்டியவர், கையுறையைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். "சரி சரி, ஓடியாந்து சொன்னியே. போ, வெயிலுல நிக்காத."

சாக்குகள் வாசல் சுவரோரம் திரும்பி வந்தன. எங்கே கொட்டுவது என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனையே இல்லாமல் போனது. வாதாம் மரத்தடியில் போடலாம் என்றால் தெருப் பிள்ளைகள் அதன் கொட்டையை உடைத்துத் தின்பார்கள். முருங்கைக்குக் கூடாது. தென்னைக்குக் கூடாது. மல்லிகைக்குப் போடலாம், ஆனால் அதன் இலையை ஆடு கடிக்கும், ஆட்டின் பாலை யாரோ குடிப்பார்கள். ஓடைக்கரையில் கொட்டினால் மழையில் தண்ணீரோடு போகும். ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவரின் வாய் இருந்தது.

இரவு கணவரிடம் இந்த வரிசையை ஒப்பித்தேன். அவர் எனக்கு இன்னும் முகம் கொடுக்காமல்தான் இருந்தார். கேட்டுக்கொண்டே வந்தவர் ஆடு, ஆட்டுப்பால் என்ற இடத்தில் சிரித்துவிட்டார்.

"தெருமுனைக் காலி மனையில சுவரை ஒட்டி அரளி நிக்குதுல்ல, அதுக்குப் போடு. ஆடும் திங்காது, மாடும் திங்காது. அதுவே விசம். அதுக்கு மேல அதை என்ன செஞ்சுரப் போற?"

"பூவைச் சாமிக்குப் போடுவாங்களே."

"சாமியாவது தாங்கட்டும்."

மறுநாள் அவர் கடைக்குப் போகும் முன்பு இருவருமாகச் சாக்குகளை இழுத்துக்கொண்டு போனோம். மனைக்காரரிடம் கேட்டோம். "அரளிக்கா உரம்?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். வேரைச் சுற்றிக் குழி பறித்துக் கொட்டி மேலே மண் தள்ளி மூடினோம். கை கழுவினேன். இன்னொரு முறை கழுவினேன்.

என் மகள் முதலில் தின்ற கீரை சந்தையில் வாங்கியது. மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் அலசி அலசி, அதன் பச்சையே வெளுத்துவிடுமோ என்று பயந்து நிறுத்தினேன். ஒரு வாய் வாங்கி யோசித்தாள். துப்பினாள். அடுத்த வாயைத் தின்றாள். அது எந்த வயலில், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பது எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாமல்தான் கொடுக்கிறேன்.

டிரம்மைக் கழுவிக் காயவைத்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். இந்த முறை வாதாம் இலையைக் கையால் நொறுக்கிப் போடுகிறேன். மோர் கரைத்து ஊற்றுகிறேன். மக்குகிறது, மெதுவாக. நாற்றமும் இருக்கிறது. கணவர் கடையிலிருந்து வெறுங்கையோடு வருகிறார். வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு என்னோடு உட்கார்ந்து இலை நொறுக்குகிறார். அவர் விரல்களில் அந்த மணம் போகவில்லை.

அக்கா இப்போது எங்கள் பச்சை வாளியைப் பார்க்காமல் கவிழ்ப்பதில்லை. மற்ற வீடுகளில் ஒரு பார்வையோடு விடுகிறவர், எங்கள் வாளியை மட்டும் ஏலக்காய் வாசம் வருகிறதா என்று மூக்குக்குப் பக்கத்தில் தூக்கி முகர்கிறார். தெருவே பார்க்கும். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது மகளும் அவரைப் பார்த்து மூக்கைச் சுருக்கப் பழகிவிட்டாள்.

"நாத்தந்தான் வருது," என்கிறார் அக்கா. "சரி, ஏத்திக்கிறேன்."