சிரிக்கச் சொல்லவில்லை

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன். டைரக்டர், சின்ன வயசு, தொப்பி போட்டவர். கேமராமேன், நரைத்த தாடி. உதவி டைரக்டர் பொண்ணு, கையில் அட்டை. மகனாக நடிப்பவர். மருமகளாக நடிப்பவர், கிளிசரின் போட்டுக் கண் சிவந்திருந்தது. ஒப்பாரி வைக்க மணிமங்கலத்திலிருந்து கூட்டி வந்த பெண்கள், ஒரு வேன் நிறைய. லைட் பிடிக்கிற ஆட்கள். வாசல்படி ஓரம் நான். நடுவில் பெஞ்சின் மேல், மாலையோடு, மூக்கில் பஞ்சோடு, சார்.

சார் நடிகர். நான் அவருக்குக் கார் ஓட்டினேன். டிவி சீரியலில் அவர் தாத்தா. அந்தத் தாத்தாவை அன்றைக்குச் சாகடித்தார்கள். கதை வேறு பக்கம் போகுதாம், தாத்தா வேண்டாமாம்.

நான் அதற்கு முன்னால் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டினவன். முதுகு விட்டுப்போச்சு. கார்தான் சரி என்றார் டாக்டர். சார் வீடு வடக்குப்பட்டில், எங்கள் தெருவுக்கு அடுத்தது. நல்லா ஓடின காலத்தில் மனை வாங்கிக் கட்டினாராம். இப்போது ஒரு பக்கம் கன்டெய்னர் யார்டு, ஒரு பக்கம் குடோன். வீட்டம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். பையன் வெளிநாடு. சார் தனி ஆள்.

ஷூட்டிங் வீடு மணிமங்கலம் தாண்டி படப்பை போகிற வழியில். பெரிய வீடு, வாடகைக்கு விடுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் லாரிகளுக்கு நடுவில் நுழைந்து போவோம். சார் பின்சீட்டில் உட்கார மாட்டார். என் பக்கத்தில்தான். வழியெல்லாம் பேசுவார். நான் பேச மாட்டேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

அவருக்குக் கும்பகோணம் பக்கம் ஊர். நாடகக் கம்பெனியில் ராஜாவுக்குப் பின்னால் வேல் பிடித்து நின்றவர். முதல் படத்தில் போலீஸ்காரன் வேஷம். குண்டு பட்டு விழணும். விழுந்த அழகைப் பார்த்து டைரக்டர் கை தட்டினாராம். அதிலிருந்து சாகணும்னா இவரைத்தான் கூப்பிட்டார்கள்.

"ஹீரோவுக்கு அண்ணன்னா நான்தாம்ப்பா. அண்ணன்னா இடைவேளைக்குள்ள போயிடணுமில்ல."

தூக்கில் தொங்கினார். ஆற்றில் மிதந்தார். மாட்டுவண்டி ஏறிச் செத்தார். பாம்பு கடித்தது. விஷம் எத்தனை தடவை குடித்தார் என்று அவருக்கே நினைப்பில்லை. நெஞ்சு அசையாமல் கிடப்பார். உதட்டில் ஈ உட்கார்ந்தாலும் இமை ஆடாது. "பெரிய பெரிய ஆளெல்லாம் வசனம் பேசிட்டான்யா. கம்முனு கெடக்க ஒருத்தனுக்கும் தெரியாது" என்பார்.

அப்புறம் டிவி வந்தது. அப்போது ஒரே சேனல். செவ்வாய்க்கிழமை நாடகத்தில் ஹெட்மாஸ்டர், ரிடையரான குமாஸ்தா, பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற அப்பா. எங்கள் தெருவுக்கே ஒரு டிவிதான். என் வீட்டம்மா சின்னப் பொண்ணாக உட்கார்ந்து இவரைப் பார்த்து அழுதிருக்கிறாள். பிறகு சேனல் பெருகியது. சீரியல் வந்தது. சார் தாத்தா ஆனார்.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொணமாகப் படுத்தவர், கட் சொன்னதும் எழக்கூடாது. கேமரா ஓடிக்கொண்டே இருக்கணும். டைரக்டர் "சிரிங்க" என்று சொல்லணும். படுத்தவர் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கணும். அப்புறம்தான் எழலாம். மாலையை வேறொருத்தர் கழட்டணும். வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அந்தச் சிரிப்பு படத்தில் வராது. ஆனால் எடுத்தே ஆகணும்.

"செத்ததை மட்டும் பதிவு பண்ணிட்டு விட்டா, அதுதான் நிக்கும். சிரிச்சாதான் அது அழியும்" என்றார் ஒருநாள். வாலாஜாபாத் ரோட்டில் சிக்னலுக்கு நின்றிருந்தோம்.

"எடுக்காம வுட்டா இன்னா சார் ஆவும்?"

"ஒருத்தருக்கு விட்டாங்க."

"இன்னா ஆச்சு?"

"பச்சை விழுந்துடுச்சு. வண்டிய எடு."

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். இதையெல்லாம் நம்புவதில்லை. அவரிடம் அப்படிச் சொன்னதும் இல்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கூடத்தில் எடுத்து முடித்து, தெருவில் பாடை போகிறதை எடுக்கணும். பறை அடிக்கிறவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். பாடைக்குத் துணியும் வைக்கோலும் வைத்து ஒரு பொம்மை கட்டி வைத்திருந்தார்கள். சார் கூடத்தில் மட்டும் படுத்தால் போதும்.

ஷாட் நல்லா வந்தது. பெண்கள் மாரில் அடித்து அழுதார்கள். அதில் ஒருத்தி நிஜமாகவே அழுதாள். சார் நெஞ்சு ஆடவில்லை.

டைரக்டர் கட் சொன்னார். அதே நேரம் இடி. "மழை வருது, ஓடு ஓடு, தெரு ஷாட்" என்று கத்தினார். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். லைட் அணைந்தது. பெண்களை எழுப்பி வெளியே விரட்டினார்கள். கூடம் காலி.

சார் பெஞ்சில் கிடந்தார். நான் நின்றேன். வெளியே பறை ஆரம்பித்தது. கிட்டப் போனேன்.

"சார். எல்லாரும் பூட்டாங்க."

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "சிரிக்கச் சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நான் எழுந்திரிக்கக் கூடாது."

ஜன்னல் வழியாகப் பாடை போவது தெரிந்தது. பொம்மைக்கு மேல் பூ இறைத்தார்கள். சார் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கிடந்தார். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பறை நின்றது. பேக்கப் என்று யாரோ கத்தினார்கள்.

உதவி டைரக்டர் பொண்ணு தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். திடுக்கிட்டு நின்றாள். அப்புறம் சிரித்தாள்.

"ஐயோ தாத்தா! இன்னுமா செத்துக்கிட்டு இருக்கீங்க? சாப்பாடு ஆறுது, வாங்க."

"கேமராவக் கொண்டு வாம்மா. சிரிக்கணும்."

அவளுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வண்டில ஏத்திட்டாங்களே தாத்தா. அடுத்த ஷெட்யூல்ல கண்டிப்பா எடுத்துடலாம். இப்ப வேணா போன்ல எடுக்கட்டுமா?"

"நான் போன்லயா செத்தேன்? கேமராவுல செத்தேன். கேமராதான் எழுப்பணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கடைசியில் எழுந்தார். மூத்திரம் முட்டிக்கொண்டு வந்துவிட்டது, அதனால். மாலையை அவரே கழட்டிப் பெஞ்சில் வைத்தார். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வைப்பர் சத்தம்தான்.

மறுநாள் அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டார். யூனிட் ஊட்டி போகிறது, மகனும் மருமகளும் அங்கே போகிற மாதிரி கதை, வந்ததும் எடுக்கலாம் என்றாள். மறுபடி போட்டார். இன்னும் வரலை தாத்தா என்றாள். அப்புறம் போன் எடுக்கவில்லை. செத்தவருக்கு ஏது கால்ஷீட்.

இதற்குள் அந்த எபிசோடு டிவியில் வந்துவிட்டது. சாருக்கு ஒரகடம் கூட்ரோட்டில் டீ குடிக்கிற பழக்கம். கூட்டிப்போனேன். டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னா சார்! நேத்துதான் ஒன்ன எடுத்தோம், அதுக்குள்ள டீக்கு வந்துட்டியா?"

கடையே சிரித்தது. வேற நாளாக இருந்தால் சார்தான் முதலில் சிரிப்பார். ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் நின்றது. ஷிப்டு முடிந்த பொண்ணுங்கள். ஒருத்தி ஜன்னலில் சாரைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். பஸ் போகிறவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சார் டீயைப் பாதியில் வைத்தார்.

அதற்கப்புறம் டீக்கு வரவில்லை.

அவர் படுப்பதை நிறுத்திவிட்டதை நான் லேட்டாகத்தான் கவனித்தேன். கட்டில் விரிப்பு கசங்காமல் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். கால் வீங்கிக் கிடந்தது.

"படுங்க சார்."

"படுத்தா எழுப்ப ஆள் இல்லப்பா."

வீட்டில் சொன்னேன். என் வீட்டம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பொணமா படுக்கத் தெரிஞ்ச ஆம்பளைக்கு எழுந்துக்கத் தெரிலயா? நான் வந்து ரெண்டு போட்டு எழுப்பறேன்னு சொல்லு உங்க சாருகிட்ட."

"சும்மா இரு."

"நீ இன்னா, அவரு கூட சேந்து நீயும் பயந்துக்கினு கீற?"

அவள் சாருக்கும் ஒரு டப்பாவில் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். கொண்டுபோனேன். அவர் திறக்கவில்லை.

ஒரு காலையில் போனபோது கதவு தாழ் இல்லாமல் சாத்தியிருந்தது. சார் நாற்காலியில்தான் இருந்தார். டீ கொடுத்தேன். இடது பக்கமாக வழிந்து சட்டையில் இறங்கியது. அவருக்குத் தெரியவில்லை. "சார்" என்றேன். ஏதோ சொன்னார். அது வார்த்தையாக வரவில்லை.

காரில் தூக்கிப் போட்டேன். ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். கால் வீக்கம், தூக்கமில்லாதது, பிரஷர் மாத்திரையை நிறுத்தியது எல்லாவற்றையும் டாக்டர் கேட்டுக்கொண்டார். காரணம் என்ன என்று பையன் போனில் கேட்டான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்தார். பேச்சு இல்லை. நான் உள்ளே போனால் வலது கையால் வாயைத் தொட்டுக் காட்டுவார். அப்புறம் விரல்களை வட்டமாக்கிக் கண்ணில் வைப்பார். கேமரா. மறுபடி வாய். நாளெல்லாம் இதேதான்.

நான் ஷூட்டிங் வீட்டுக்குப் போனேன். யூனிட் ஊட்டியிலிருந்து வந்திருந்தது. கூடத்துச் சுவரில் சார் படம். மாலை போட்டு, சின்ன பல்பு எரியவிட்டிருந்தார்கள். கதைப்படி அது அங்கேதான் இருக்கணும். நான் அதைப் பார்க்காமல் நின்றேன்.

டைரக்டரிடம் சொன்னேன். நம்பாதவர் மாதிரி இல்லை. சங்கடப்பட்டார்.

"இப்ப அவரைக் கூட்டிவந்து படுக்கவெச்சு, பாவம் இல்லையாண்ணா? டாக்டர் ஒத்துக்குவாரா?"

"அவரு கேக்குறாரு."

"என்னன்னு கேக்குறாரு, பேச்சே இல்லன்றீங்க."

நான் வாயைத் தொட்டுக் காட்டினேன். விரலை வட்டமாக்கிக் கண்ணில் வைத்தேன். உதவி டைரக்டர் பொண்ணு அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தாடிக்காரர், கேமராமேன், லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு லஞ்ச் பிரேக்ல கூட்டினு வாங்க. அஞ்சு நிமிஷம். அன்னைக்கே நான் கேமராவ நிப்பாட்டி இருக்கக் கூடாது" என்றார்.

கூட்டிப்போனேன். அதே பெஞ்ச். லைட்காரர் ஒருத்தரும் நானும் தூக்கிப் படுக்கவைத்தோம். சாருக்கு எடையே இல்லை. மாலை போட்டார்கள். அந்தப் பொண்ணு பஞ்சு வைத்தாள். சார் தானாகக் கண்ணை மூடினார். நெஞ்சு நின்றது. பழைய மாதிரியே நின்றது. நான் கிட்டப் போகப் பார்த்தேன். கேமராமேன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரோலிங்."

வெளியே லாரி ஒன்று போனது.

"சார், சிரிங்க" என்றார் டைரக்டர்.

சார் கண்ணைத் திறந்தார். வலது கண் முழுசாக, இடது பாதி. கேமராவைப் பார்த்தார். வலது கன்னம் மேலே ஏறியது. இடது கன்னம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

டைரக்டர் காத்திருந்தார். "சிரிங்க சார். கொஞ்சம் சிரிங்க."

"சிரிச்சுக்கினுதான்யா கீறாரு" என்றேன்.

டைரக்டர் மானிட்டரில் பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழட்டினார். கேமரா ஓடியது. சார் கன்னம் நடுங்கிற்று, இறங்கிற்று, மறுபடி ஏறப் பார்த்தது. ஏறவில்லை. கண் மூடிக்கொண்டது.

"கட்."

மாலையை அந்தப் பொண்ணு கழட்டினாள். நான் கேமராமேனிடம் போனேன்.

"வந்துச்சா?"

அவர் ஓட்டிப் பார்த்தார். மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"சிரிப்பு மட்டும்னா, நாலு செகண்டு."