குப்பமாடம்

1953-ல் நடந்தது இது. நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யத்தில் இருந்த காலம். எனக்கு இருபத்தோரு வயது. திருவனந்தபுரத்தில் ஓர் அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். ஆரியசாலையில் அக்கா வீட்டில் தங்கி, தினமும் ஆபீசுக்கு நடந்தே போய் வருவேன்.

வேலை கிடைத்ததே தவிர நிரந்தரம் இல்லை. மலையாளப் பரீட்சை தேறினால்தான் நிரந்தரமாக்குவார்கள். இரண்டே தடவைதான் எழுதலாம். நானோ ஊரில் தமிழும் இங்கிலீஷும் மட்டும் படித்தவள். மலையாளம் கேட்டால் புரியும், கடைத்தெருவுக்குப் போதுகிற அளவு வாயிலும் வரும், அவ்வளவுதான். முதல் தடவை, ஒருவர் வாசிக்க நாம் எழுதுகிற கேட்டெழுத்திலேயே கவிழ்ந்தேன். அடுத்த தடவையும் போச்சென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறேன் என்று அப்பா எழுதிவிட்டார். அந்த மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் தோற்றுப்போய்த் திரும்பி வந்தவள் என்று தெருவே பார்க்க நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்குவதா? அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபீசில் என் பக்கத்து சீட்டுக்காரியும் டைப்பிஸ்ட்தான். மலையாளி, என் வயதுக்காரி, தமிழர்கள் நிறைந்த சாலைக் கடைத்தெருப் பக்கம் வளர்ந்ததால் தமிழும் நன்றாகப் பேசுவாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவள் பேப்பரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எவ்வளவு எழுதினாலும் வார்த்தை மனதில் ஒட்டவில்லை. பாடப் புத்தகத்தில் பசு புல் தின்றது, மழை பெய்தது என்று இருந்தால் யாருக்கு ஒட்டும்? கதையாக ஏதாவது படி என்றாள் அவள். நானே வாசகசாலைக்குப் போய், கைக்கு வந்த ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தேன். ஒரு பழைய தறவாட்டில், அதாவது பெரிய கூட்டுக்குடும்பத்தில் பிறந்த ஒருவர், தன் அம்மா, மாமன்மார், சித்திகள் என்று வீட்டுக் கதையையே எழுதியிருந்தார்.

முதல் பக்கம் படிக்க மூன்று நாள் ஆனது. பத்தாம் பக்கத்தில் சின்னச் சித்தி கோபித்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டாள். எல்லாரையும் கூப்பிட்ட பிறகு தன்னைக் கடைசியாகக் கூப்பிட்டார்களாம். அவள் மனதில் இருந்ததற்கு அவர் எழுதியிருந்த வார்த்தை ‘பரிபவம்’. பிரியமானவர்கள் மேல் மட்டும் வருகிற மனத்தாங்கல். எனக்கு உடனே என் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. அந்த வார்த்தையை நான் மனப்பாடம் செய்யவே இல்லை, தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. தெற்குப் பக்கத்து அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரிய மாமன் விடுவது ‘நெடுவீர்ப்பு’. நாம் பெருமூச்சு என்கிறோம். ஊரை விட்டுப் போன சின்ன மாமன் திரும்பி வந்தாரா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வந்து சேர்வதற்குள் என் நோட்டில் நானூறு வார்த்தைகள் சேர்ந்துவிட்டன. வாசகசாலையில் நாலு தடவை தவணை நீட்டி, முத்திரை குத்துகிறவர் என்னைக் கண்டாலே சிரிக்கும்படி ஆனது.

படித்த வார்த்தையை அன்றைக்கே பேசிவிட வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட சட்டம். வீட்டில் என் இம்சை தாங்காமல் அத்தான் அக்காவிடம் சொன்னார்: “ஒன் தங்கச்சி பரீட்சைக்குப் படிக்காளா, இல்ல அந்தத் தறவாட்டுக்கே வாக்கப்பட்டுப் போகப்போறாளா? காப்பி கேட்டாக்கூட நெடுவீர்ப்பு விடுகா.”

அந்தச் சட்டம்தான் என்னைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

புத்தகத்தில் அந்த வீட்டு முற்றத்துக்குக் குடியானவர்கள் வந்து நிற்பார்கள். தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது ‘குப்பமாடம்’ என்பார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. நம் பக்கத்தில் “எங்க ஏழைக் குடிசைக்கும் ஒருக்க வாருங்கோ” என்று உபசாரத்துக்குச் சொல்வார்களே, அந்த மாதிரி மரியாதைப் பேச்சு என்று நினைத்து, நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்தேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஊரிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று சூப்பிரண்டிடம் அரை நாள் லீவு கேட்கப் போனேன். என் குப்பமாடத்துக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று கணீரென்று மலையாளத்தில் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து செக்‌ஷன் ஆட்களைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இந்தக் காலத்தில் இப்படி மரியாதை தெரிந்த பெண்ணா என்று மெச்சி லீவும் கொடுத்தார். நான் தலைகால் புரியாமல் சீட்டுக்கு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி என்னைப் பார்க்கவே இல்லை. அவள் மெஷின் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் கேட்டெழுத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பொறுத்துப் பார்த்தேன். எனக்குப் பொறுமை அதிகம் கிடையாது. மூன்றாம் நாள் நோட்டையும் பேப்பரையும் எடுத்துக்கொண்டு, அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவுகிற இடத்துக்கே போய், நான் என்ன தப்புச் செய்தேன், உனக்கு என் மேல் ஏன் பரிபவம் என்று கேட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கண் நிறைந்திருந்தது.

“அன்னைக்கு நீ சொன்ன வார்த்தை எங்க அம்மை நிறைய சொல்லியிருக்கு. நிலத்துக்காரத் தம்புரான் வீட்டு முற்றத்துல நின்னு, நாங்க இருந்த வீட்டை வீடுன்னு சொல்லப்பிடாது, குப்பைன்னுதான் சொல்லணும். அம்மைக்கு வேற வழி இல்ல. உனக்கு என்ன கேடு? நீ எதுக்கு அதைச் சிரிச்சோண்டு சொல்லணும்?” என்றாள்.

எந்த வீட்டில் எந்த இடத்தில் நின்றுகொண்டு புத்தகத்தைப் படித்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த மாமனும் சித்தியும் இருந்த உள்ளறையிலேயே இருந்துகொண்டு படித்திருக்கிறேன். முற்றத்தில் நின்றவர்கள் முகத்தை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. எழுதியவரும் அவர்கள் பேச்சைத்தான் எழுதியிருந்தார், பேரைக்கூடச் சொல்லவில்லை. வெட்கமும் துக்கமுமாக அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். அவள் கையைப் பிடித்தாள். “கிழிக்காண்டாம். அறிஞ்சு வச்சுக்கோ. சொல்லாண்டாம், அவ்வளவுதான்” என்றவள், அங்கேயே பேப்பரை விரித்துக் கேட்டெழுத்தைத் தொடங்கிவிட்டாள்.

பரீட்சை நாள் வந்தது. கேட்டெழுத்தில் பேனா நிற்கவே இல்லை. ஒரு பத்தியில் ‘நெடுவீர்ப்பு’ வந்தபோது எனக்குப் பெரிய மாமனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கடைசியாக வாய்ப் பரீட்சை. மேஜைக்குப் பின்னால் வயதான ஒருவர், பெரிய இடத்து மனுஷர் என்று பார்த்ததுமே தெரிந்தது. மலையாளம் எப்படிப் படித்தாய் என்று கேட்டார். புத்தகத்தின் பேரைச் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்தது. உன் வீட்டைப் பற்றிச் சொல் என்றார்.

நான் எங்கள் நாகர்கோவில் வீட்டைப் பற்றிப் பேசினேன். அப்பாவின் சாய்வு நாற்காலி, கோபித்துக்கொண்டு அடுக்களைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் அத்தை, மழைக்கு ஒழுகும் பின்கட்டு என்று நிறுத்தாமல் பேசினேன். ‘என்றெ வீடு, என்றெ வீடு’ என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் குறும்பாகச் சிரித்துக்கொண்டே இடையில் புகுந்தார்.

“பெரியவரோடு சம்சாரிக்கும்போள் வீட்டினு வேறொரு வாக்குண்டல்லோ. ஆ புஸ்தகத்தில் கண்டில்லே?”

பெரியவர்களிடம் பேசும்போது வீட்டுக்கு வேறு வார்த்தை உண்டே, புத்தகத்தில் பார்க்கவில்லையா என்கிறார். அவருக்குப் பிடித்ததைச் சொன்னால் மார்க் விழும், வேலை நிற்கும். சொல்லாவிட்டால் பஸ், நாகர்கோவில், தெரு. ஆனால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் என் கையைப் பிடித்த கை அப்போதும் பிடித்தமாதிரியே இருந்தது.

“கண்டு சார். அறியாம். பக்ஷே, என்றெ வீடு வீடு தன்னெயாணு” என்றேன்.

பார்த்தேன், தெரியும், ஆனாலும் என் வீடு வீடுதான். அவர் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “சரியாணு” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் ஆபீசிலிருந்து பரீட்சை எழுதிய ஏழு பேரில் நான்தான் முதல். மலையாளத்தையே தாய்மொழியாகக் கொண்டும் பள்ளிக்கூடத்தில் அதைப் படிக்காததால் எழுத வந்த இரண்டு பேர் எனக்குப் பின்னால்.

செய்தி வந்ததும் பக்கத்து சீட்டுக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவளைக் கையோடு ஆரியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று, “இதாணு எங்க வீடு, வா” என்றேன். அவள் உள்ளே வந்தாள். அக்கா இரண்டு பேருக்கும் கேசரி கொடுத்தாள். அத்தான் மட்டும், இனிமேலாவது இந்த வீட்டில் மனுஷன் பேசுகிற பாஷை பேசலாமா என்று கேட்டார்.

அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்கச் சொன்னேன். முப்பத்து மூன்று வருஷம் அதே ஊரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கற்ற வார்த்தைகளில் பாதி மறந்தும் போயிற்று, ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து என் வீட்டை வீடு என்று சொன்னதை நினைத்தால், இந்த வயதிலும் வளைந்த முதுகு தானாக நிமிர்கிறது.