கண்ணாடி துடைக்கும் நேரம்

ஜெர்மனியின் ஹம் நகரத்து ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகராக வந்த அவர் எங்களவர், ஈழத்தமிழர். மெலிந்து உயர்ந்த உருவம். சீருடைப் பையில் எப்போதும் ஒரு ஜெர்மன் புத்தகம். நல்லாட்சியைப் பற்றிப் பண்டைச் சீன ஞானிகள் சொன்னவை அதில் இருந்தன. பெட்டிக்குள் ஏறியதும் கதவருகே நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அடுத்த நிலையம் வரும்வரை துடைப்பார். சீட்டில்லாதவர்கள் இறங்கிப்போன பிறகுதான் முதல் இருக்கைக்கு வருவார்.

"மனிசன் பிறவியிலை நல்லவன் எண்டு ஒரு சீனக் கிழவர் சொல்லுறார். இல்லை, அவன் கோணல் மரம், நிமித்தித்தான் எடுக்கவேணும் எண்டு இன்னொருத்தர்," என்றார் ஒருநாள்.

"நீங்கள் எந்தப் பக்கம் அண்ணை?"

"கண்ணாடி துடைக்கேக்கை முதல் ஆளின்ரை பக்கம். சீட்டைப் பாக்கேக்கை மற்றவரின்ரை பக்கம்."

நான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த காலம் அது. என் பெயரில் ஒரு சின்னக் குற்றமும் பதியக்கூடாது. அப்படியிருந்தும் ஒரு காலையில் சீட்டு எடுக்காமல் ஓடி ஏறினேன். அவர் துடைத்தார். நிலையம் வந்தது, போனது. நான் அசையவில்லை.

"ஏன் ஐசே இறங்கேல்லை? அவ்வளவு நேரம் துடைச்சனே!"

"எங்கடை ஆள்தானே, விட்டிடுவியள் எண்டு நினைச்சன்."

"இதை அந்தச் சீனக் கிழவர் ரெண்டு பேரும் எழுதேல்லை, பாரும்," என்று சிரித்தபடியே என் பெயரை அபராதப் படிவத்தில் எழுதினார்.

குடியுரிமை பிந்தித்தான் கிடைத்தது. இப்போதும் யாராவது கண்ணாடி துடைத்தால் என் கை சீட்டைத் தேடிச் சட்டைப்பையைத் தடவுகிறது. அந்த ஒரு நிலையத் தூரத்தை அவர் எங்களை நம்பித் தந்தாரா, நம்பாமல் தந்தாரா?