மதிலில் நின்ற பறவை

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் எலப்புள்ளியில் வேட்பாளர் வருவதற்கு முன்பே மதிலுக்கு ஆள் வந்துவிடும். சுண்ணாம்பால் 'புக்டு' என்று எழுதிவிட்டால் போதும், தேர்தல் முடியும்வரை அந்த மதில் அந்தக் கட்சிக்குச் சொந்தம். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு என் வீட்டு மதிலிலும் எழுதியிருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அன்றைக்கே பெயிண்ட் டப்பாக்களைத் திறந்துவிட்டேன்.

கணவரின் வேலைக்காகச் சில வருஷங்கள் கானாவில் இருந்தோம். அங்கே துணிகளில் அச்சிடும் சின்னங்களில் ஒரு பறவை உண்டு. கால் முன்னே போகும், கழுத்து பின்னே திரும்பி முதுகிலுள்ள முட்டையை எடுக்கும். விட்டுவந்ததைத் திரும்பிப் போய் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை என்று அர்த்தம். அந்தச் சின்னங்களை நம் அன்றாடச் சாமான்களோடு சேர்த்து வரைவதுதான் என் தொழில். கொச்சிக் கண்காட்சிகளில் என் படங்களுக்கு முன்னால் நின்று தலையாட்டுகிறார்கள். என் ஊரில் ஒருத்தரும் ஒரு நிமிஷம் நின்று பார்த்ததில்லை. அந்த ஆற்றாமை எனக்கு நிறையவே உண்டு.

மதில் நிறைய அந்தப் பறவையை வரைந்தேன். முட்டைக்குப் பதிலாக முதுகில் ஒரு கேஸ் சிலிண்டர்.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா, பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் கேனோடு நின்று பார்த்தாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏனம்மணி, நீ நிக்கறயா? சொல்லவே இல்ல!"

"எங்கீங்கக்கா நிக்கறேன்?"

"எலெக்சன்லதான். பறவைச் சின்னத்தப் போட்டு, சிலிண்டர் வெலையக் கொறைக்கறேன்னு காட்டியிருக்கறயே."

இது வெறும் ஓவியம் என்று கானாவரைக்கும் போய் விளக்கினேன். "செரி செரி, நான் ஆருகிட்டயும் சொல்லல" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலமே 'புக்டு' எழுதிய கட்சிக்காரர் வந்துவிட்டார். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவரோ குரலைத் தாழ்த்தினார்.

"சேச்சி, ஸ்வதந்திரனா நிக்கறீங்களாமா? நம்ம ஓட்டு பிரிஞ்சிருமுங்க."

சுயேச்சையும் இல்லை, ஒன்றும் இல்லை, ஓவியம் என்றேன்.

"ஓவியத்துக்கு எதுக்குங்க சிலிண்டரு?"

இதே கேள்வியைக் கொச்சியில் இங்கிலீஷில் கேட்டபோது அரை மணி நேரம் பதில் சொன்னவள் நான். இவரிடம் ஒன்றும் எடுபடவில்லை. சந்தேகம் தீராமலே போனார்.

ஓட்டுப்போடும் நாளன்று மத்தியானம், விரலில் மையோடு அக்கா வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"கிராமத்துக்கு வெள்ளை, பிளாக்குக்கு ரோஸு, ஜில்லாவுக்கு நீலம்னு மூணு மிசினு வெச்சிருந்தாங்க. மூணுலயும் மேலருந்து கீழ வரைக்கும் தேடிட்டேன். உன்ற பறவையக் காணோம்! சீக்கிரம் அமுக்குங்கன்னு ஆபீசரு சத்தம் போடறாரு."

"நான் நிக்கலைன்னு அன்னிக்கே சொன்னனுங்களே. அவசரத்துல வேற ஏதாச்சும் பறவையப் பாத்திருப்பீங்க."

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எனக்கா தெரியாது? தெனமும் அதுகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் பாலு ஊத்தப் போறேன். கழுத்து திரும்பியிருக்கும், ஒரு கால் தூக்கியிருக்கும், கண்ணு என்ற ஊட்டப் பாத்திருக்கும்."

கண் அவள் வீட்டைப் பார்ப்பது வரைந்த எனக்கே தெரியாது. கொச்சியில் எவ்வளவோ பேர் தலையாட்டியிருக்கிறார்கள். என் பறவையைத் தேடி ஆபீசரிடம் திட்டு வாங்கியவள் இவள் ஒருத்திதான்.