பதினான்கு பேருக்கு ஒரே ரத்தம்

மர்ஜினாவின் வலது மணிக்கட்டு போன மழைக்காலத்திலேயே தொங்கிவிட்டது. சோற்றைப் பிசைவாள், கை வாய்க்கு ஏறாது. பத்து வருஷமாகப் பழைய பேட்டரிகளைக் கோடாலியால் பிளந்து ஈயத் தகட்டை உருவிய கை அது. பக்கத்தில் உட்கார்ந்து பிளந்தவள் நான். வேறு எதனாலோ வந்தது என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டாக்டரே சொன்னார். பட்டறை கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ரத்தத்துல ஈயமே இல்லையேம்மா. வேலைக்கு டிமிக்கி குடுக்கப் பாக்குறியா?" என்று மருந்துகூட எழுதாமல் அனுப்பிவிட்டார்.

எப்படி இருக்கும்? அது அவள் ரத்தமே இல்லை! எங்கள் ஈயத்தை வாங்கி கம்ப்யூட்டருக்கான யு.பி.எஸ். பேட்டரி செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளிகளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் சரக்கைத் தொடாது. சட்டமாம். அதற்கு முதலாளி கண்ட வழி, கேட்டுக்கு வெளியே டீ விற்கும் குத்தூஸ். ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஒரு தட்டு தெஹாரி, அதான் கறிச்சோறு, தின்றுவிட்டுப் பதினான்கு குப்பி ரத்தம் கொடுப்பான். குப்பிகளில் எங்கள் பெயர்களை ஒட்டுவார்கள்.

"ஏண்ணே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று மர்ஜினா கேட்டாள்.

"என் ரத்தம் சுத்தம் தங்கச்சி. அதான் எனக்கு இவ்வளவு மவுசு," என்று இளித்தான்.

இந்த முறை ரிப்போர்ட் வந்தது. பதினான்கு தாளிலும் ஒரே சிவப்புக் கோடு. ஈயம் எக்கச்சக்கம். ஈயம் உருக்கும் எங்கள் உலைப் புகை இத்தனை வருஷமும் அவன் பால் சட்டியில்தானே இறங்கியது! முதலாளிக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

"அடச்சே, இவனும் கெட்டுட்டான். புரிகங்கா ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற ஆளப் பாரு. இதெல்லாத்தையும் கிழிச்சுப் போடு!" என்று எங்கள் எதிரிலேயே மேனேஜரிடம் கத்தினார்.

மர்ஜினா இடது கையை நீட்டித் தன் பெயர் இருந்த தாளை உருவினாள். "இதக் காட்டித்தான் நான் வைத்தியம் பாக்கப் போறேன்."

"அது உன் ரத்தம் இல்லடி!"

"அப்ப யாரு ரத்தம்னு டாக்டர்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

மிச்சத் தாள்களை நான் அள்ளிக்கொண்டேன்.

கேட்டில் குத்தூஸ் மறித்தான். சேதி எட்டிவிட்டது போல.

"தங்கச்சி, இதுல என் தாள் எது?"

மர்ஜினாவின் தாளையும் சேர்த்துப் பதினான்கையும் புரட்டிப் பார்த்தேன். அவன் பெயரில் ஒன்றுகூட இல்லை.