அறுபத்தெட்டில் நின்ற திரை

கனிஷாய்க்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்ததாம். இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் ஊரில் குளிர்காலத்து மின்சாரம் சொல்லிக்கொண்டா போகிறது? அடித்து முடித்த கணக்கெல்லாம் ஒரு நொடியில் காணாமல் போகும். அதனால் இங்கே கணினியைத் தொட்ட எந்தக் கையும் இரண்டு வரிக்கு ஒருமுறை கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திச் சேமித்துவிடும். கணக்கு எழுதியே காலம் தள்ளியவள் அவள். அவள் கை மட்டும் சும்மா இருக்குமா?

அந்த வேலை போனபின், அடுக்குமாடி வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன் நிலையத்தில் அவளை உட்கார வைத்தார்கள். நான் அங்கே குழாய் ஃபிட்டர். அவள் எதிரே ஒரு கறுப்புத் திரை. ஆற்றின் அக்கரையில் உள்ள பம்பிலிருந்து நீரின் சூடு, நேரத்தோடு வரிவரியாக அதில் வந்து விழும். பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த லினக்ஸ் கணினியில் அவளுக்கு வேறு உரிமை கிடையாது. எதைத் தட்டினாலும் 'அனுமதி இல்லை' என்று வரும். அப்படிப் பூட்டி வைத்தவன் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் கணினிக்காரன் எர்மெக்.

அந்த ஜனவரிக் காலையில் தொலைபேசி ஓயவில்லை. எல்லாரும் வீடு குளிர்கிறது என்றார்கள். "இங்க அறுபத்தெட்டு டிகிரி காட்டுதும்மா. உங்க ரேடியேட்டர்ல காத்து அடைச்சிருக்கும்," என்று அவள் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திரை முழுக்க அறுபத்தெட்டுதான். ஓரத்து நேரத்தைக் கவனிக்காவிட்டால் அது ஓடுகிறதா, நிற்கிறதா என்று தெரியாது.

பிறகு அவள் கணவன் தோக்தோசுன் கூப்பிட்டான். சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டுப் படுக்கையில் கிடந்தவன். அவன் குரல் எனக்கும் கேட்டது.

"ஏ கனிஷாய், பைப்பு ஐஸா கெடக்கு."

"உனக்கு எப்பவும் குளிர்தான். அறுபத்தெட்டு இருக்குய்யா. போர்வைய இழுத்துப் போத்திட்டுப் படு."

"அப்ப அந்தத் திரையக் கொண்டாந்து எம்பக்கத்துல படுக்க வையி," என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மனசு கேட்காமல் நான் அக்கரைக்குப் போனேன். பம்பு நின்று கிடந்தது. குழாயில் வைத்த கை சில்லிட்டுப் போனது. மாற்றுப் பம்பை ஓடவிட்டுத் திரும்பி வந்து சொன்னேன். அவள் சாவிகளை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள். உடனே எர்மெக்கைக் கூப்பிட்டாள்.

"தட்டினா எழுத்தே விழலப்பா. என்டரும் வேலை செய்யல. மூடித் திறக்கட்டுமா?"

"மூடிடாதீங்க, எஜே," என்றான். எங்கள் மொழியில் எஜே என்றால் அக்கா. "திரும்ப உள்ள வர உங்களுக்கு உரிமை இல்ல. கடைசியா எதை அழுத்துனீங்க?"

"ஒண்ணுமில்லையே. எப்பவும் போல சேவ் பண்ணேன்."

"எதை? அதுல சேவ் பண்ண என்ன இருக்கு? அங்க அது திரைய நிறுத்தி வைக்கிற சாவி, எஜே. யாராவது போயி அதை அழுத்துவாங்களா?"

"கரண்டு போற ஊர்க்காரங்க அழுத்துவாங்கடா!" என்று பின்னாலிருந்து கத்தினேன். "கன்ட்ரோலும் க்யூவும் அழுத்துங்க," என்றான் அவன், மெதுவாக.

அழுத்தினாள். காலையிலிருந்து தேங்கிக் கிடந்த வரிகள் மொத்தமாகக் கொட்டின. அறுபத்தெட்டு, அறுபது, ஐம்பத்தொன்று, நாற்பது. கண்ணால் துரத்த முடியவில்லை. ஓடி முடிந்ததும் அவள் விரலை வைத்து நேரத்தைத் தேடிக்கொண்டே மேலே போனாள். ஒரு வரியில் விரல் நின்றது. அதில் சூடு பதினொன்று.

"அவரு கூப்பிட்டது இந்த நேரத்துலதான்," என்றாள். "நான் போர்வைய இழுத்துக்கன்னு சொன்னேன்."

வீடுகளுக்குச் சூடு திரும்பியது. தோக்தோசுனுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது, மருத்துவமனையாலும் முடியவில்லை. அந்த வாரமே புதைத்தோம். மண் கல்லாக இறுகிக் கிடந்ததால், குழி தோண்டுவதற்குமுன் பழைய டயர்களைக் கொளுத்தி நிலத்தைச் சூடாக்க வேண்டியிருந்தது. கனிஷாய் தூரத்தில் நின்று அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.