பட்டு விளிம்பு வைத்த ஒலிபெருக்கி

எங்கள் அக்காவின் குரல் கனமானது. வாசலில் நின்று அவள் கூப்பிட்டால், அப்பா அழைப்பதாக எண்ணிப் பக்கத்து வீட்டுத் தறி நின்றுவிடும். பெண் பார்க்க முன்பு வந்த இரண்டு வீட்டாரும் அவள் பேசக் கேட்டபின் திரும்பி வரவில்லை. இனி வருகிறவர்கள் முன் தலையை மட்டும் அசைக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

அவ்வாண்டு அக்கா பாடிய பாட்டொன்றை வானொலி நிலையத்தார் பதிவு செய்தார்கள். அது ஒலிபரப்பாகும் மாலையிலேயே மாப்பிள்ளை வீட்டாரை அம்மா வரவழைத்தாள். எங்கள் சிறிய வானொலியில் எந்தக் குரலும் மெலிந்து இனிமையாகவே வரும் என்பதை அவள் அறிவாள்.

அம்மாவின் தம்பியான, வானொலி பழுதுபார்க்கும் மாமாவுக்கோ அதுதான் பொறுக்கவில்லை. உள்ளங்கை அளவே இருந்த அதன் ஒலிபெருக்கியில், காகிதக் கூம்பின் விளிம்பும் விறைப்பான காகிதமே. கூம்பு தாராளமாக முன்னும் பின்னும் அசைந்தாலன்றித் தாழ்ந்த சுரங்கள் எழா. அவர் அதேபோன்ற இன்னொன்றை வாங்கி, விளிம்பை மட்டும் வெட்டி நீக்கி, அங்கே பட்டுத் துண்டை ஒட்டினார். முதலில் ஒட்டியது தறியிலிருந்து இறங்கிய புதுத்துண்டு. நெய்யுமுன் பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சி போகாமையால் அது காகிதத்தைவிட விறைத்து நின்றது. கஞ்சியை அலசிவிட்டு ஒட்டியபின், மிருதங்கத்தின் இடந்தலை எழுப்பும் தாழ்ந்த ஒலி முதன்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. இரண்டையும் ஒரு மரப்பெட்டியில் பொருத்தி, வேண்டியதைக் கேட்க ஒரு விசையும் வைத்தார்.

“அந்தப் பழசுலயே வைடா. இதுல அவ பாட்டு ஆம்பள பாடற மாதிரி இருக்கும்,” என்றாள் அம்மா.

“அவ குரலே அதுதானேக்கா.”

“எனக்குத் தெரியாதா? நீ வாய மூடிக்கினு இரு.”

ஒலிபரப்பு நாள் மாலையில் பழைய ஒலிபெருக்கியே பாடியது. மாப்பிள்ளையின் தாயார் காபியை ஆற்றியபடி, “கிளி மாதிரி இருக்குதுமா,” என்று மகிழ்ந்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது. தலை குனிந்து அமர்ந்திருந்த அக்கா எழுந்து சென்று, விசையை மறுபக்கம் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாட்டு கூடத்தை நிறைத்தது.

“இது யாருமா பாடறது?” என்று கேட்டார் அந்த அம்மையார்.

“நான்தாங்க,” என்றாள் அக்கா.

பெட்டியில் எழுந்த குரலும் அவள் குரலும் ஒன்றாகவே இருந்தன. மாப்பிள்ளையின் தாயார் காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார். மாமாவின் பட்டு விளிம்பு இவ்வளவு துல்லியமாக வேலை செய்ததை யாரேனும் பாராட்டுவார்கள் என்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி நான் காத்திருந்தேன்.